ஐ5 என்றால் மட்டும் போதுமா?

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள், கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது. புதிய லேப்டாப் என்றால் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். அதே கடையில் இன்டெல் ஐ5 பிராசஸர் உள்ள பழைய லேப்டாப் ஒன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம்? – தஞ்சாவூர் வாசகி

பதில்: அந்தப் புதியது வேண்டவே வேண்டாம். 64 ஜிபியில் விண்டோஸ் உட்கார்ந்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான், இஎம்எம்சி மதர்போர்டிலேயே பற்றவைத்து வருவதால் பிறகு மாற்றவும் வழியில்லை.

பழையது வாங்கலாம், ஆனால் ஐ5 என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6200யு என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அதனால் ஆறாவதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், மூடியைத் திறந்து மூடி, கீலையும் பாருங்கள், எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டிவிடுங்கள். கூச்சமே வேண்டாம், உங்கள் பணம்.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள். ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்காதீர்கள், விண்டோஸுடன் கூடவே வரும் டிஃபெண்டர் போதும். கணக்குப் பாடத்துக்கு லிப்ரெ ஆபீஸ் என்ற ஆபீஸ் மென்பொருள் இலவசம். அப்புறம், மொழி அமைப்பில் தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுங்கள்.