பதினேழில் நிற்கும் காய்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நாலே முக்கால் வயது. நூறு வரை தடங்கலில்லாமல் ஒப்பிப்பான். அதை நம்பி ஒரு பாம்புக் கட்டம் அட்டை வாங்கினோம். அட்டையில் உட்கார்ந்ததும் எல்லாம் குழப்பம். நாலு விழுந்தால் காய் நிற்கிற கட்டத்தையே ‘ஒண்ணு’ என்று எண்ணத் தொடங்குகிறான். பத்தாம் கட்டம் முடிந்ததும் மேலே இருக்கும் 11க்குப் போகாமல் இடது ஓரத்துக்கு ஓடி 20இல் வைக்கிறான். பெரிய பாம்பு கடித்தால் அட்டையையே கவிழ்த்துவிடுகிறான். பல்லாங்குழியும் தாயமும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்கிறார் மாமியார். ஃபோனிலேயே லூடோ இருக்கிறதே என்கிறார் கணவர். அட்டைப் பெட்டியின் மேல் ‘மூளை வளர்ச்சிக்கு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் எதை, எப்படி விளையாட வைப்பது?

வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். ஓர் ஆட்டம் குழந்தையை எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறதோ, அது மட்டும்தான் வளரும். பாம்புக் கட்டத்தில் அப்படித் திரும்பத் திரும்ப நடப்பது காயை நகர்த்துவது. நகர்த்தும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் குழந்தையின் வாய் என்ன சொல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காய் 17இல் நிற்கிறது, 3 விழுகிறது. நம் வீடுகளில் எல்லோரும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணியே நகர்த்துகிறோம். காய் சரியாக 20க்குப் போய்விடும். ஆனால் கட்டங்களில் எழுதியிருக்கும் எண்களைக் குழந்தை பார்த்திருக்கவே மாட்டான். அட்டை முழுக்க வெற்றுக் கட்டங்களாக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். அதற்குப் பதில் ‘பதினேழுல இருக்கோம், பதினெட்டு, பத்தொன்பது, இருபது’ என்று சொல்லி நகர்த்தினால், கண் எண்ணைப் பார்க்கிறது, வாய் அதன் பெயரைச் சொல்கிறது, கை ஒரு கட்டம் தள்ளுகிறது. மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. லாஸ்கி, சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மழலையர் வகுப்புக் குழந்தைகளை நூறு கட்ட அட்டையில் இந்த இரண்டு விதமாகவும் விளையாட வைத்துப் பார்த்தார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நின்ற எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணிய குழந்தைகள் எண்களை அடையாளம் காண்பதிலும், ஓர் எண் எவ்வளவு பெரியது என்று மதிப்பிடுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. இரு சாராருக்கும் அட்டை ஒன்றுதான்.

உங்கள் மகனுக்கு உடனே இது வராது. ஏனென்றால் அவனுடைய ‘நூறு வரை’ ஒரு பாட்டு. முதலிலிருந்து பாடத் தெரியும், நடுவில் பிடிக்கத் தெரியாது. ‘பதினேழுக்கு அப்புறம்?’ என்று கேட்டால் வாய்க்குள் ஒன்றிலிருந்து முணுமுணுத்து வருவான். ஆகவே கேள்வியாகக் கேட்காதீர்கள். நீங்கள் சொல்லிக்கொண்டே நகர்த்திக் காட்டுங்கள். பிறகு காயைப் பழைய இடத்தில் வைத்து, அவன் அதேபோல் சொல்லி நகர்த்தட்டும். ஓர் ஆட்டத்துக்கு ஐந்தாறு முறை இப்படிச் செய்தாலே போதும். எல்லா நகர்த்தலிலும் திருத்தினால் ஆட்டம் பாடமாகிவிடும், எழுந்து போய்விடுவான்.

எந்த மொழியில் எண்ணுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஓர் ஆட்டம் முழுக்கத் தமிழ், அல்லது முழுக்க ஆங்கிலம். ஆங்கிலத்தில் தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டுக் குழப்பும். தமிழில் பதின்மூன்று, முப்பது என்று அந்தத் தொல்லை இல்லை. தமிழின் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. இன்னும் பத்துக் கட்டம் பாக்கி இருக்கும்போதே பெயருக்குள் ‘நூறு’ வந்துவிடுகிறது. கடைசி வரிசையில் குழந்தை தடுக்கி விழுந்தால் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

அடுத்து, நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணுவது. இந்த வயதில் மிகப் பெரும்பாலான குழந்தைகள் செய்கிற பிழை இது. பொருள்களை எண்ணும்போது முதல் பொருளைத் தொட்டு ‘ஒன்று’ என்போம். அதே பழக்கத்தை அவன் இங்கே கொண்டுவருகிறான். அட்டையில் நாம் எண்ணுவது கட்டங்களை அல்ல, தாவல்களை. இதை விளக்கிப் பயனில்லை, கையால்தான் சரியாகும். அவனுடைய இடது ஆள்காட்டி விரலைக் காய் நிற்கும் கட்டத்திலேயே வைத்து அழுத்தச் சொல்லுங்கள். வலது கை காயைத் தூக்கி அடுத்த கட்டத்தில் ‘டக்’ என்று வைக்கும்போதுதான் எண் வாயிலிருந்து வர வேண்டும். காயை இழுத்துக்கொண்டே போனால் தாவல் தெரியாது. தூக்கி வைக்கும்படி கொஞ்சம் கனமான காயாக இருந்தால் நல்லது. அட்டையோடு வரும் பிளாஸ்டிக் காய்களைவிடப் பாட்டில் மூடி மேல்.

10இலிருந்து 20க்கு ஓடுவது அவன் தவறே இல்லை. வாசிக்கப் பழகும் குழந்தை, வரி முடிந்ததும் இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று இப்போதுதான் கற்றிருக்கிறான். இந்த அட்டையோ ஏர் உழுகிற மாட்டைப்போல் ஒரு வரிசை வலமாக, அடுத்தது இடமாகத் திரும்பித் திரும்பிப் போகிறது. 10, 20, 30 ஆகிய ஓரக் கட்டங்களிலிருந்து மேல் நோக்கித் தடித்த அம்பு போடுங்கள். ஒற்றைப்பட வரிசைகளுக்கு ஒரு நிறம், இரட்டைப்பட வரிசைகளுக்கு வேறு நிறம் என்று ஓரத்தில் கோடு இழுத்தால் இன்னும் சுலபம். ஸ்கெட்ச் பேனாவும் ஐந்து நிமிடமும் போதும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நூறு கட்டம் அவனுக்கு இப்போது பெரிது. அமெரிக்காவில் விற்கும் பாம்புக் கட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஒருவர் ஆடி முடிக்கச் சராசரியாக 39 முறை ஆட வேண்டியிருக்கிறது. பாம்புகளும் ஏணிகளும் அட்டைக்கு அட்டை மாறினாலும் நம்முடையதும் சிறிய ஆட்டம் அல்ல. 50ஐத் தொட்டால் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான எண் விழுந்தால்தான் கடைசிக் கட்டம் ஏறலாம் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். அது காத்திருப்பைத்தான் நீட்டும், எண்ணும் வேலை எதையும் கூட்டாது.

அதற்கும் முன்னால் ஒரு பத்துக் கட்டப் பட்டை செய்து விளையாடுங்கள் என்பேன். 70 செ.மீ. நீளத்தில் சார்ட் தாளை வெட்டி, 7 செ.மீ. அகலத்தில் பத்துக் கட்டம் கிழியுங்கள். இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை பெரிதாக எழுதுங்கள். கட்டங்கள் ஒரே அளவாக இருக்க வேண்டியது கட்டாயம். பகடை வேண்டாம், ஒரு ரூபாய் நாணயம் போதும்: பூ விழுந்தால் 1, தலை விழுந்தால் 2. ஆளுக்கு ஏழெட்டுச் சுண்டலில் ஆட்டம் முடிந்துவிடும். தோற்றாலும் அடுத்த ஆட்டம் உடனே தொடங்கலாம்.

2008இல் ராமனி, சீக்லர் இருவரும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 124 பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் சோதித்தது ஏறக்குறைய இதைத்தான். இரண்டு வாரத்துக்குள் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். எண் எழுதிய பட்டையில் விளையாடியவர்கள் எண்ணுவது, எண்ணை வாசிப்பது, இரண்டில் எது பெரிது என்று சொல்வது எல்லாவற்றிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் மட்டும் உள்ள பட்டையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மறு ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில், கட்டங்களை வட்டமாக அடுக்கிய பலகை நேர்ப்பட்டைக்கு ஈடாகவில்லை. காரணம் எளியது. நேர்ப்பட்டையில் 8 என்பது 4ஐவிட இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே போக இரு மடங்கு தாவல் வேண்டும், இரு மடங்கு எண் சொல்ல வேண்டும், இரு மடங்கு நேரம் ஆகும். எண்ணின் அளவை உடம்பே உணர்கிறது. வட்டத்தில் தொடக்கமும் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன.

லூடோவை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்காததும் இதனால்தான்: கட்டங்களில் எண் இல்லை, பாதையும் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் பலன் வேறு. நான்கு காய்களில் எதை நகர்த்துவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஐந்தரை, ஆறு வயதில் பிடிபடும். அப்போதும் 6 விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியைத் தளர்த்துங்கள். ஐந்து முறை உருட்டியும் ஒரு 6கூட விழாமல் போக நூற்றுக்கு 40 வாய்ப்பு இருக்கிறது. அத்தனை சுற்றும் மற்றவர் ஆடுவதைச் சும்மா பார்த்திருப்பது சிறுவனுக்குத் தண்டனை. 1 விழுந்தாலும் இறங்கலாம் என்றால் அந்த 40, 13 ஆகக் குறையும். தாயத்தில் நிலைமை இன்னும் மோசம். 0, 1, 2, 3 என்று புள்ளியிட்ட இரண்டு கட்டைகளில், காய் இறங்கத் தேவையான தாயம், அதாவது மொத்தம் 1, விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். போதாததற்கு இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றுமே இல்லாதது எப்படிப் பன்னிரண்டு ஆகும் என்று நாலே முக்கால் வயதில் கேட்டால் நாம் என்ன சொல்ல? தாயம் ஏழு வயதுக்குக் காத்திருக்கட்டும். மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடும் ஆடு புலி ஆட்டமும் அப்படியே. எதிராளியின் அடுத்த நகர்வை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டிய ஆட்டம் அது.

ஃபோன் லூடோவில் பகடை உருண்டதும் காய் தானே நடந்துவிடுகிறது. குழந்தை செய்ய வேண்டிய ஒரே வேலையை இயந்திரம் செய்துவிட்டால் மிச்சம் என்ன?

பாம்பு கடிக்கும்போது அட்டை கவிழ்வதைப் பற்றி. அவன் கையில் இருப்பது ஒரே காய். அது 47இலிருந்து 5க்கு இறங்கினால் அவனைப் பொறுத்தவரை எல்லாம் போயிற்று. இருபது கட்டத்துக்கு மேல் இறக்கும் பாம்புகளின் தலையில் காகிதம் ஒட்டி மறையுங்கள். வாரத்துக்கு ஒன்றாகத் திறந்துவிடலாம். ஆளுக்கு இரண்டு காய் கொடுங்கள், ஒன்று இறங்கினாலும் மற்றது மேலே நிற்கும். அவனுக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். பாம்புக் கட்டத்தில் திறமைக்குப் பெரிதாக இடமில்லை, ஆகவே தோல்வி யாருடைய குறையும் இல்லை. தோற்கப் பழக இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது. நீங்கள் கடிபடும்போது ‘அடடா, முப்பத்தொண்ணுல இருந்து ஒன்பதுக்கு வந்துட்டேனே’ என்று எண்ணைச் சொல்லியே அலுத்துக்கொள்ளுங்கள். எப்படி அலுத்துக்கொள்வது என்பதையும் குழந்தை பார்த்துத்தான் கற்கிறது.

உங்கள் மாமியார் பல்லாங்குழி விஷயத்தில் சரியாகவே சொல்கிறார். ஒரு குழிக்கு ஒரு காய் என்பது எண்ணுதலின் அடிவேர். உள்ளங்கையில் ஐந்து காயை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் நுனிக்கு உருட்டிக் கொண்டுவந்து போடுவது, பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. இடது கையைக் கிண்ணமாக வைத்து அதிலிருந்து பொறுக்கிப் போடுவான். ஒற்றைக் கையால் போடச் சொன்னால்தான் அந்தப் பயிற்சி கிடைக்கும்.

முழு ஆட்டத்துக்கு 14 குழி, குழிக்கு ஐந்து என்று 70 காய் வேண்டும். அவனுக்கு அது அதிகம். முட்டை அட்டையில் ஆறு ஆறாக இரண்டு வரிசை வெட்டி, குழிக்கு மூன்று வீதம் 36 காயோடு தொடங்குங்கள். முதல் வாரம் வெறுமனே அள்ளிப் போட்டுச் சுற்றிவருவது மட்டும். வரிசை திரும்பும் மூலையில் ஒரு குழியைத் தாண்டுவான், அல்லது ஒரே குழியில் இரண்டு போடுவான். எந்தப் பக்கம் சுற்று என்று அட்டையின் விளிம்பில் அம்பு போட்டால் குறையும். அடுத்து, கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது. அடுத்தது காலிக் குழி என்றால் அதைத் தடவி, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வது. கடைசியாகத்தான் பசு. தன் பக்கக் குழியில் நான்கு சேர்ந்தால் அதை எடுத்துக்கொள்ளும் விதி. பசுவுக்காகக் காத்திருக்கும் குழந்தை, ‘இதில் மூன்று இருக்கிறது, இன்னும் ஒன்று விழுந்தால் நான்கு’ என்று எண்ணாமல் பார்வையிலேயே சொல்லத் தொடங்குவான். கூட்டலின் முதல் படி அதுதான். ஆட்டம் முடிந்ததும் 36ம் இருக்கிறதா என்று பத்துப் பத்தாகக் குவித்து எண்ணிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

காய்களுக்குப் புளியங்கொட்டையோ சோழியோ நல்லது. பட்டாணி, கொண்டைக்கடலை வேண்டாம். மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், எடுப்பது பெரும்பாடு. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் இன்னொரு குழந்தை இருந்தால் எந்தக் காயும் தரையில் கிடக்கக் கூடாது. பழைய பல்லாங்குழிப் பெட்டிகளில் குன்றிமணி இருப்பது வழக்கம்: சிவப்பு மணி, ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. ஓடு உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. கடித்தாலோ, கீறியோ ஓட்டை போட்டோ இருந்தாலோ உள்ளே இருப்பது கடும் விஷம். மாமியாரின் பெட்டியில் இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டு அதை மட்டும் பொறுக்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.

அன்புடன்.