முதுகில் குளிர், கயிற்றில் தண்ணீர்: ஹேமக் கேள்வி பதில்

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் மேல்மலை என்று ஹேமக்கை (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டிலை) தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. குளிராமல், நனையாமல் இரவைக் கழிப்பது பற்றி மட்டும் பேசுகிறேன்.

சேலம்: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் அனுமதி வாங்கித் தங்கினோம் அக்கா. 5 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை). அன்று இரவு 16 டிகிரிதான். ஆனாலும் இரண்டு மணிக்கு முதுகு விறைத்து எழுந்துவிட்டேன். ஏமாந்துவிட்டேனா?

இல்லை தம்பி, பேக் நல்ல பேக்தான். குளிர் கீழேயிருந்து வந்திருக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கில் நம்மைக் காப்பது பஞ்சுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அதன்மேல் நீங்கள் படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கித் தகடாகிவிடும். காற்றும் போயிற்று, காப்பும் போயிற்று. தரையில் படுத்தால் அடியில் காற்றோட்டமாவது இருக்காது. ஹேமக்கில் அடியில் ஓடுவதே காற்றுதான். முதுகு தரும் சூட்டை விடாமல் அள்ளிக்கொண்டு போகும். 20 டிகிரி இரவிலேயே பலருக்கு இடுப்பும் தோளும் சில்லிட்டுவிடுவது இதனால்தான்.

ஆகவே பணத்தை முதலில் அடியில் போடுங்கள், மேலே அப்புறம். அதற்கு இரண்டு வழி. ஃபோம் பாய் மலிவு, நனைந்தாலும் கெடாது, ஆனால் தோளுக்குப் போதாது. அண்டர்குவில்ட் என்பது ஹேமக்கின் வெளியே, அடியில் தொங்கும் மெத்தை. நம் எடை அதன்மேல் விழாததால் பஞ்சு உப்பியபடியே இருக்கும். அதைக் கட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் ஹேமக்கில் படுத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் ஹேமக்குக்கும் குவில்ட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்க்கட்டும். இடைவெளி இருந்தால் உள்ளே காற்று புகுந்து விளையாடும். இறுக்கிக் கட்டியிருந்தால் அதுவும் நசுங்கித் தகடாகும். துணியைத் தொட்டு நிற்க வேண்டும், அழுத்தக் கூடாது.

இன்னொன்று. அடிவாரத்து வெப்பநிலையைப் பார்த்துவிட்டு மலைக்குத் துணி எடுத்து வைக்காதீர்கள். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். மேலே போன பிறகு, காற்று வராத இடம் என்று பள்ளத்தில் போய்க் கட்டாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது; தெளிந்த இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். நீலகிரியில் உறைபனி முதலில் வெளுப்பது பள்ளத்துப் புல்லில்தான். சரிவில் கொஞ்சம் மேலே மரம் தேடுங்கள்.

மதுரை: ஃபோம் பாய் போட்டேன். விடிவதற்குள் அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இரட்டைத் துணி ஹேமக் வாங்கினால் இரண்டு துணிக்கும் நடுவே பாயைச் செருகிவிடலாம். ஒற்றைத் துணி என்றால் பாயை ஸ்லீப்பிங் பேக்குக்கு உள்ளே போடுங்கள். கடையில் கிடைக்கும் பாய் பெரும்பாலும் 50, 60 செ.மீ. அகலம்தான். ஹேமக் துணி இரு தோளையும் சுற்றி ஏறுவதால் அங்கே பாய் எட்டாது. பழைய பாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தோளுக்கு நேரே குறுக்காக வையுங்கள். ஹேமக்கை விறைப்பாகக் கட்டினால் தோள் இன்னும் நெருக்கும், அங்கே பஞ்சும் நசுங்கும். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் இறங்கட்டும். அந்தச் சாய்வில் ஒவ்வொரு கயிற்றிலும் விழும் இழுவை ஏறக்குறைய உங்கள் எடை அளவு. 15 டிகிரியாக விறைத்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு.

திருப்பூர்: அண்டர்குவில்ட் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. கார் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி மினுமினுப்புத் தடுப்பை அடியில் போட்டேன், நன்றாகவே இருந்தது. உடம்புச் சூட்டை அந்த வெள்ளித்தாள் திருப்பி அனுப்பிவிடுகிறதே, பிறகு ஏன் குவில்ட்?

நன்றாக இருந்தது என்பதை நம்புகிறேன். ஆனால் காப்பாற்றியது வெள்ளித்தாள் அல்ல, அதற்குள் இருக்கும் ஃபோம். உடம்பை ஒட்டிக் கிடக்கும் வெள்ளித்தாளால் எதையும் திருப்பி அனுப்ப முடியாது. பிரதிபலிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் காற்றிடைவெளி வேண்டும். ஒட்டிக் கிடந்தால் சூடு அதன் வழியாகவே கடந்துபோய்விடும்.

திருப்பூர் (மறுபடி): அப்படியானால் விபத்தில் சிக்கியவர்களுக்கு மீட்புக் குழுவினர் வெள்ளித்தாள் ஏன் போர்த்துகிறார்கள்?

நல்ல கேள்வி. அது காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது. ஈரம் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோவதை நிறுத்துகிறது. தளர்வாகப் போர்த்தினால் பிரதிபலிப்பும் சேரும். அடியில் காப்பு வைத்து, மேலே துணி போட்டு, அதன்மேல் அதைச் சுற்றும்போதுதான் முழுப் பலன். வெறும் தாளால் மட்டும் யாரையும் இரவு முழுக்கக் கதகதப்பாக வைக்க முடியாது.

ஓசூர்: திருப்பூர் நண்பர் சொல்வது சரிதான். நானும் வெள்ளித்தாளை ஹேமக்குக்கு அடியில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டேன், வித்தியாசம் தெரிந்தது.

தெரியும். காற்றைத் தடுத்துவிட்டீர்கள் அல்லவா? அதே இடத்தில் ஒரு சாதாரண மழைத்துணியைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்போதும் கிடைக்கும். நான் வெள்ளித்தாளுக்கு எதிரி இல்லை. எனக்கு அதில் உள்ள பயம் வேறு. அது ஆவியை வெளியே விடாது. தோலிலிருந்து இரவெல்லாம் கசியும் ஈரம் குளிர்ந்த தாளில் பட்டுத் துளியாகும். அதன்மேல் ஸ்லீப்பிங் பேக் பட்டால், மழையே பெய்யாத இரவில் விடியற்காலை நனைந்து கிடப்பீர்கள். ஃபோம் ஒட்டிய தடுப்பு என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வெறும் தாளை உடம்புக்கும் பேக்குக்கும் அருகே கொண்டுவர வேண்டாம்.

திருப்பூர் (மூன்றாவது முறை): சரி, ஃபோம் என்றே வைத்துக்கொள்வோம். மினுமினுப்புப் பக்கம் மேலேயா கீழேயா?

உடம்புக்கு ஒட்டினாற்போல் போடும்போது எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். இந்த வாதத்தை இங்கே நிறுத்துவோம், மழை காத்திருக்கிறது.

நாகர்கோவில்: தார்ப்பாய் ஒரு துளி ஒழுகவில்லை. ஆனால் ஹேமக்கின் தலைப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எப்படி?

மரத்தில் வழிந்த தண்ணீர் உங்கள் கட்டுக்கயிற்றைப் பிடித்து நடந்து வந்திருக்கிறது. தார்ப்பாயின் நிழலுக்குள், ஹேமக் தொடங்குவதற்கு முன்பாக, ஒவ்வொரு பக்கமும் கயிற்றில் ஒரு பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வரும் தண்ணீர் நூலைப் பிடித்துக் கீழே சொட்டிவிடும். தார்ப்பாய்க்கு வெளியே கட்டினால் பயனில்லை, நூலைத் தாண்டி மறுபடி மழை விழும். இரண்டு மீட்டருக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாத இந்த நூல் இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த தார்ப்பாயும் வீண்தான்.

ஈரோடு: உரக்கடையில் விற்கும் சில்பாலின் பிளாஸ்டிக் தார்ப்பாய் போதுமா, இறக்குமதித் தார்ப்பாய்தான் வேண்டுமா?

மழையைத் தடுக்க சில்பாலின் போதும். எடையை மட்டும் கணக்கிடுங்கள். 12க்கு 9 அடி என்றால் 10 சதுர மீட்டர், 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 90 கிராம்) என்றால் 900 கிராம். வண்டியில் போகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை, தோளில் சுமந்து ஏறுகிறவருக்குப் பொருட்டு. நீளம் ஹேமக் தொங்கும் நீளத்தைவிட இரு பக்கமும் ஓர் அடியாவது கூட இருக்கட்டும். காற்று வரும் திசைக்குத் தார்ப்பாயின் அகலமான பக்கத்தைக் காட்டி, அந்தப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். திறந்த முனையைக் காட்டினால் சாரல் உள்ளே நுழையும். நைலான் தார்ப்பாய் நனைந்தால் தொய்யும், தூங்குவதற்கு முன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள்.

கரூர்: ரெண்டு போர்வை எடுத்துப் போனால் போதாதா?

அடியில் காப்பு இல்லாமல் நான்கு போர்வையும் போதாது. சேலம் நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திண்டுக்கல்: நல்ல கம்பளி வைத்திருக்கிறேன் அக்கா, அது இருந்தால்...

மேலே போர்த்திக்கொள்ளுங்கள், கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கோவை: தார்ப்பாயை நாலு பக்கமும் தரை வரை இறக்கிக் கட்டி, உள்ளே சின்ன கரி அடுப்பு வைத்தால் கதகதப்பாக இருக்காதா?

கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்தில் இருப்பவரை அது எழுப்பாது. வெளியே காற்றாடச் சமைத்து, அணைத்துவிட்டு வாருங்கள். சூடு வேண்டுமானால் நன்றாக மூடும் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் முன் வயிறாரச் சாப்பிடுங்கள். நடந்து வியர்த்த பருத்திச் சட்டையோடு படுக்காதீர்கள், அது ஈரத்தை விடாது.

தேனி: கரி வேண்டாம், சின்ன கேஸ் அடுப்பு?

அதுவும் கூடாது. காரணம் அதேதான்.

கூடலூர்: இறகு பேக்கா, செயற்கைப் பஞ்சா?

உங்கள் ஊர் மூடுபனிக்குச் செயற்கைப் பஞ்சு. இறகு நனைந்தால் உப்பல் போய்விடும், காய்வதற்கு வெயில் வேண்டும், அங்கே வெயில் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். மூடுபனி இரவில் தார்ப்பாயின் ஒரு முனையையாவது திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூச்சே உள்பக்கத்தில் துளியாகிச் சொட்டும்.

வால்பாறை: இடி மின்னல் வந்தால் ஹேமக்கிலேயே இருக்கலாமா?

இருக்காதீர்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்குகிறீர்கள். இடிச் சத்தம் கேட்டவுடன் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். கட்டும்போதே தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்று பாருங்கள். யூகலிப்டஸ் காற்றே இல்லாதபோதும் கிளையை உதிர்க்கும்.

சென்னை: காட்டுக்குள் எங்கே அனுமதி கிடைக்கும்?

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் தங்குவது குற்றம். அந்தந்தக் கோட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள்.

தர்மபுரி: ஸ்லீப்பிங் பேக் புதிதாக வாங்கினேன். 0 டிகிரி. அடியில் எதுவும் தேவைப்படாது அல்லவா?

தேவைப்படும். ஃபோம் பாய் ஒன்று வாங்குங்கள்.