ஜவ்வு என்றால் எந்த ஜவ்வு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 46. மூன்று வாரத்துக்கு முன் மழையில் சரிவில் வழுக்கி வலது முட்டி திருகிக்கொண்டது. அன்று நடந்தே வீட்டுக்கு வந்தார்; மறுநாள்தான் வீங்கியது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் கிழிசல், உள்பக்க லிகமென்டில் முதல் நிலைக் காயம், ஏ.சி.எல். நன்றாக இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். எதற்கு வைத்தியம் பார்ப்பது? ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: முட்டிக்குள் எது கிழிந்தாலும் நாம் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லிகமென்ட் என்பது எலும்பை எலும்போடு பிணைக்கும் கயிறு. முட்டியில் முக்கியமானவை நான்கு: நடுவில் குறுக்காக ஏ.சி.எல்., பி.சி.எல்., பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மெனிஸ்கஸ் மெத்தை மாதிரி. தொடை எலும்புக்கும் கணுக்கால் வரை போகும் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு இருக்கும்.

அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்து அடிபட்டதற்குக் காரணம் இருக்கிறது. உள்பக்க மெனிஸ்கஸின் ஓரம் உள்பக்க லிகமென்டின் அடி அடுக்கோடு ஒட்டியே இருக்கும். வெளிப்பக்கத்தில் அந்த ஒட்டு இல்லை. முட்டி திரும்பினால் வெளிப்பக்க மெனிஸ்கஸ் நகர்ந்து கொடுத்துவிடும். உள்பக்க மெனிஸ்கஸுக்கு அவ்வளவு நகர இடமில்லை. தேயிலைத் தூருக்கு நடுவே பாதம் சிக்கிக்கொள்ள, முதுகுச் சுமையோடு உடம்பு மட்டும் பள்ளத்துப் பக்கம் திரும்பினால், கயிறு இழுபடும், மெத்தை எலும்புக்கிடையில் நசுங்கும்.

ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது ஏ.சி.எல்.லைத்தான். அது அறுந்திருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே ரத்தம் கட்டி முட்டி பெருத்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் கால் எலும்பு முன்னால் சறுக்கும்; அதைத் தடுத்து நிறுத்தும் வேலை உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி மேல் விழுந்து, அதுவும் கிழியும். அம்மாவுக்கு ஏ.சி.எல். நன்றாக இருப்பது பெரிய ஆறுதல்.

சரி, வைத்தியம். லிகமென்டின் முதல் நிலைக் காயம், அதாவது கயிறு அறாமல் லேசாக இழுபட்டது, சில வாரங்களில் தானாக ஆறும். மெனிஸ்கஸுக்கு வெளி ஓரத்தில் மட்டுமே ரத்த ஓட்டம் உண்டு. உள் ஓரக் கிழிசல் ஒட்டுவது அரிது. ஆனாலும் இந்த வயதில், முட்டி பூட்டிக்கொள்ளாத வரை, தொடைத் தசையைப் பலப்படுத்தினாலே பலருக்கு வலி அடங்கிவிடுகிறது. மூன்று மாதம் பிசியோதெரபி பார்த்துவிட்டு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். காலை நீட்டி, முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியால் அதை ஐந்து எண்ணும் வரை கீழே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். குத்தவைத்து உட்காருவது இப்போதைக்கு வேண்டாம். எண்ணெய் போட்டு முட்டியை இழுத்து முறுக்க யாரையும் விடாதீர்கள்.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குச் சோதனை. கையில் தடி இருக்கட்டும். படி இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். வேலைக்குத் திரும்பும்போது சில வாரம் சமதளத்துப் பாத்தியாகக் கேட்டு வாங்குங்கள். மேஸ்திரியிடம் ரிப்போர்ட்டைக் காட்டியே பேசலாம்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் 'ரூட்' கிழிசல் என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மெனிஸ்கஸ் எலும்பில் வேரூன்றும் இடமே பிய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலும் அப்படித்தான், அந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.