ரம்மியில் விட்ட பணத்தை நினைத்து வருந்தி, மறுபடியும் ஆடிவிடுகிறேன். பண விஷயத்தில் என்னை எப்படிக் கட்டுப்படுத்துவது?

சம்பளம் வந்த வாரத்திலேயே ஆன்லைன் ரம்மியில் போய்விடுகிறது, மனசு அடித்துக்கொள்கிறது, செயலியை அழிக்கிறீர்கள், அடுத்த சம்பளத்தில் திரும்பவும் இறக்குகிறீர்கள். இதில் பலரும் கவனிக்காதது, அந்த வருத்தமே ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது என்பது. "விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடலாம்" என்ற நினைப்பு அதிலிருந்துதான் வருகிறது. அதனால் முதலில் விட்டதைப் பிடிக்க முடியுமா என்று கணக்கே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இருவர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள். சேர்ந்த 200-ல் நடத்துபவர் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ஜெயித்தால் லாபம் 80, தோற்றால் நஷ்டம் 100. நூறு ஆட்டத்தில் சரிபாதி ஜெயித்தாலும் 1,000 ரூபாய் போயிருக்கும். நஷ்டமில்லாமல் எழுந்திருக்கவே 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டுவது இன்னும் மோசம்: 100, 200, 400 என மூன்றும் போய், நாலாவதில் 800 கட்டி ஜெயித்தாலும் கைக்கு வரும் லாபம் 640தான். ஏற்கெனவே போனது 700. ஜெயித்தும் 60 ரூபாய் நஷ்டம். திறமை எவ்வளவு இருந்தாலும் இந்தக் கழிவு ஒவ்வொரு ஆட்டத்திலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. இப்போது டெலிகிராமில் இணைப்பு அனுப்பி அழைப்பவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இயங்குபவை. பணத்தை யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் "ஜெயித்த" தொகை மோசடியில் பறிபோன பணமாக இருந்தால், சைபர் கிரைம் புகாரில் உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம்.

கட்டுப்பாட்டை மனஉறுதியிடம் மட்டும் விடாதீர்கள். இரவு ஒரு மணிக்கு அது நிற்காது. ஆடத் துடிக்கும் வேகம் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரைமணியில் பணம் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும். அதற்கான வேலையைப் பகலில், தெளிவாக இருக்கும்போது செய்து வையுங்கள்.

சம்பளக் கணக்கை யூபிஐ செயலியிலிருந்து நீக்குவது மட்டும் போதாது, இரண்டு நிமிடத்தில் மறுபடி சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்க்க வங்கியில் பதிவான எண்ணின் சிம் அந்த போனில் இருக்க வேண்டும். ஆகவே அந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு, டெபிட் கார்டோடு சேர்த்து மனைவியிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுங்கள். உங்கள் கைச்செலவுக்கு வேறொரு எண்ணில் தனிக் கணக்கு வைத்து, வாரம் 1,500 அல்லது 2,000 ரூபாய் தானாக அதற்கு வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சம்பளக் கணக்கிலிருந்தே போகட்டும். கிரெடிட் கார்டில் இணையப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியிலேயே அணைத்து வைக்கலாம். "உங்களுக்குக் கடன் தயார்" என்று வரும் சலுகைகளை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். கடன் செயலிகளை அழித்தால் மட்டும் போதாது, பாக்கியை அடைத்து அந்தக் கணக்கையே மூடச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு செய்தும் கோட்டை விடுவது கைமாற்றிலும் நகையிலும்தான். நீங்கள் வழக்கமாகக் கடன் வாங்கும் நண்பர்களிடம் "இனி கேட்டாலும் தராதே" என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். பீரோ சாவி உங்களிடம் இருக்கக் கூடாது.

கடனை அடைக்கும்போது, கடந்த ஓராண்டு வங்கி அறிக்கையை எடுத்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் முழுதாகக் காட்டுங்கள். பாதியை மறைத்தால், அந்த மறைத்த பாதியை அடைக்கத்தான் மறுபடி ஆடத் தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் தவணைகளைத் தவறவிடாமல், மிஞ்சுவதைக் கொண்டு மீட்டர் வட்டியை முதலில் முடியுங்கள். அடுத்தது கிரெடிட் கார்டு. அதில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால் அசல் பெரிதாகக் குறையாது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம். வீட்டில் உதவ முன்வந்தால் பணத்தை உங்கள் கையில் தராமல் கடன்காரருக்கே நேராகக் கட்டட்டும். இது அவமானப்படுத்துவதற்காக இல்லை. கையில் மொத்தமாக வரும் பணம்தான் திரும்பவும் ஆட்டத்துக்கு இழுக்கும்.

தூக்கம் கெட்டு, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் கடன் கணக்கையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு 14416-க்கு இப்போதே அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சூதாட்டப் பழக்கத்துக்கும் சிகிச்சை கேட்கலாம்.

இடையில் ஒருநாள் மறுபடி ஆடிவிட்டால், அன்றைக்கே தொகையை வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்று பார்த்து, மறுநாள் காலையில் அந்த வழியை அடைத்துவிடுங்கள்.