அக்காவுக்கு எண்ணெயை நிறுத்தாதீர்கள், உங்கள் வயிற்றைக் காட்டுங்கள்

முதலில் அக்காவின் சாப்பாட்டில் எண்ணெயைத் திரும்பச் சேருங்கள். இன்றைக்கே. சினைப்பைப் புற்றுக்கு அறுவை முடிந்து மூன்றாவது கீமோவில் இருப்பவருக்கு, சாப்பாட்டுக் கொழுப்புதான் புற்றை வளர்க்கிறது என்று சொன்ன ஒரு வீடியோவை நம்பி ஆறு வாரமாகக் கொழுப்பே இல்லாமல் சமைத்துப் போட்டிருக்கிறீர்கள். 4 கிலோ குறைந்துவிட்டது. குறைந்தது புற்று இல்லை, அக்காவின் சதை.

எனக்கு எழுதிய கடிதத்தில் எட்டுக் கேள்விகள் இருந்தாலும் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான்: "இத்தனை வருஷம் நான் சமைத்துப் போட்டதுதான் அவளுக்கு எமனாகிவிட்டதா?" இல்லை.

அந்த வீடியோ முழுப் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை, அதுதான் வம்பு. குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் ஒரு கொழுப்பு மடிப்பு எல்லோருக்கும் உண்டு. ஓமெண்டம் என்போம். சினைப்பையிலிருந்தோ கருக்குழாயின் நுனியிலிருந்தோ கழன்ற புற்றுச் செல்கள் வயிற்றறை நீரில் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதந்து போய், பெரும்பாலும் இந்தத் திரையில்தான் ஒட்டிக்கொள்ளும். அங்குள்ள கொழுப்புச் செல்கள் தம் சேமிப்பைக் கரைத்து வந்தவர்களுக்கு எரிபொருளாகக் கொடுக்கின்றன என்று 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு காட்டியது. அந்த வீடியோக்காரர் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

ஆனால் அது காலங்காலமாக அங்கே இருக்கும் சேமிப்பு, நேற்று வாணலியில் ஊற்றிய எண்ணெய் இல்லை. பட்டினி போட்டால் உடம்பு தன் கொழுப்பை இன்னும் அதிகமாகக் கரைத்து ரத்தத்தில் விடும். அப்புறம், அக்காவின் அறுவைக் குறிப்பை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், அதிலேயே ‘ஓமெண்டம் அகற்றப்பட்டது’ என்று இருக்கிறது. அந்தக் கிடங்கையே எடுத்தாயிற்று!

பயாப்சி அறிக்கையில் வரும் ‘ஸ்ட்ரோமா’ இரண்டாவது நோய் இல்லை. புற்றுச் செல்களைச் சுற்றியிருக்கும் துணைத்திசுவின் பெயர் அது. நார் நெய்யும் செல்கள், ரத்தக்குழாய்கள், எதிர்ப்புச் செல்கள் எல்லாம் அதில் அடக்கம். புண் ஆறும்போது தழும்பு போடும் அதே நார்ச் செல்களைப் புற்று தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவை கெட்டியான நாரை நெய்து வேலி கட்டுகின்றன. மருந்தும் எதிர்ப்புச் செல்களும் உள்ளே போகத் திணறுகின்றன. விதை மட்டும் போதாது, மண்ணும் தோதாக இருக்க வேண்டும் என்று 1889-லேயே ஸ்டீபன் பேஜெட் என்ற மருத்துவர் எழுதினார். அக்காவின் சீட்டில் இருக்கும் பெவாசிஸுமாப் அந்த மண்ணைப் பார்த்துக் கொடுக்கும் மருந்துதான். புற்று தனக்குப் புது ரத்தக்குழாய் வரவழைக்க அனுப்பும் சமிக்ஞையை அது மறிக்கும்.

‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ பொடியை நிறுத்துங்கள். கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தின் அளவையே சிறுநீரகத்தின் வேகத்தைக் கணக்கிட்டுத்தான் தீர்மானிக்கிறோம். நடுவில் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத பொடியைக் கொட்டினால் நாங்கள் எதைக் கணக்கிடுவது? தலைச்சாயம், பிளாஸ்டிக் டப்பா, மைக்ரோவேவ், இந்த மூன்றால் வந்ததோ என்ற கவலையை மறந்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். நான்காம் பக்கத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒரு மாதமாக உங்களுக்கும் இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, இடுப்பு நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது, கவலையால் வந்த வாயுத் தொல்லையாக இருக்கும் என்று. உங்களுக்கு வயது 52. அக்காவைப் பற்றிய நான்கு பக்கத்தைவிட எனக்கு இந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

சாப்பிட்டபின் உப்பி, காலையில் வற்றிப்போவது வாயு. நாள் முழுக்க வற்றாமல், வாரத்தில் பாதி நாளுக்கு மேல் இருந்து, முன்பு இல்லாமல் புதிதாக வந்திருந்தால், வாயு என்று நீங்களே பெயர் வைக்கக் கூடாது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தால் இன்னும் அவசரம். இப்படி வயிற்றை உப்பவைக்கும் குடல் எரிச்சல் நோய் முதன்முதலாக 50-க்கு மேல் தொடங்குவது அரிது. வாயு மாத்திரையிலேயே மாதங்களைக் கழித்துவிட்டு, வயிற்றில் நீர் கோத்தபின் வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

உங்களுக்குப் புற்று என்று நான் சொல்லவில்லை. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய் இடுப்புப் பரிசோதனையும் பிறப்புறுப்பு வழி ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள் என்கிறேன். லேப்புக்கு நேராகப் போய் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள். கல்லீரல் நோய், காசநோய், கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் எல்லாவற்றிலும் அது ஏறும். தொடக்கநிலைப் புற்றில் ஏறாமலும் இருக்கும்.

அக்காவுக்கு, குடும்பத்தில் வழிவழியாக வரும் பிறழ்வைத் தேடும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று புற்று மருத்துவரிடம் கேளுங்கள். அவரிடம் அந்தப் பிறழ்வு இருந்தால் உங்களுக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு. பொதுவாக 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் வரும் இந்தப் புற்று, பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ளவர்களில் 40 பேர் அளவுக்கு வரலாம். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

அக்காவின் அடுத்த கீமோ முடியட்டும் என்று உங்கள் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். அவருக்குத் துணையாக ஒரு நாள் வேறு யாராவது இருக்கட்டும்.