சேஃப் மோடில் மட்டும் வரும் பழைய சிஸ்டம்: கேள்வி பதில்

பழைய சிஸ்டம் சாதாரணமாக ஆன் ஆகாமல் சேஃப் மோடில் (விண்டோஸ் குறைந்தபட்சத் தேவையோடு மட்டும் கிளம்பும் நிலை) மட்டும் வருகிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். விண்டோஸ் 7, விண்டோஸ் 10 இரண்டையும் வைத்துப் பதில் சொல்கிறேன். எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சேஃப் மோடில் இருக்கும்போதே உங்கள் ஃபைல்களை ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7. லோகோ வந்ததும் திரை கறுப்பாகி ரீஸ்டார்ட் ஆகிறது. எஃப் 8 அழுத்தி சேஃப் மோடில் போனால் நாள் முழுக்க ஓடுகிறது. சர்வீஸ் கடையில் ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நாள் முழுக்க ஓடுகிறது என்றால் பிராசஸர், ராம், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. சேஃப் மோடில் விண்டோஸ் மிகவும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பும். கீபோர்டு, மவுஸ், டிஸ்க், சாதாரண விஜிஏ டிஸ்ப்ளே, அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), சவுண்டு, பிரிண்டர், ஆன்டிவைரஸ், ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் எதுவும் வராது. அந்த வராத கூட்டத்துக்குள்தான் கோளாறு இருக்கிறது. தேட வேண்டிய இடம் இவ்வளவு சுருங்கிவிட்டபோது ஃபார்மட் எதற்கு?

உங்கள் தொழிலுக்கு டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் மட்டும் காப்பி எடுத்தால் போதாது. சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்டில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். ஃபார்மட் போடுகிறவர் இதையெல்லாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே இருப்பதை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுத்தெல்லாம் பெரிதாக, படம் மங்கலாக டெஸ்க்டாப் வந்துவிட்டால் ஆள் பிடிபட்டாயிற்று: கிராஃபிக்ஸ் டிரைவர். அதை அன்இன்ஸ்டால் செய்து, கார்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்துப் போடுங்கள். புது டிரைவர் போட்ட பிறகும் அதே கறுப்புத் திரை என்றால் கார்டே பழுதாகியிருக்கலாம். கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் டிஸ்ப்ளே சாக்கெட் இருந்தால் மானிட்டர் கேபிளை அதில் செருகிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் இதே கதைதான் சார். டிஸ்ப்ளேயை டிசேபிள் செய்தும் பயன் இல்லை. அடுத்து?

பதில்: பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ஜன்னல் வரும். சர்வீசஸ் பக்கத்தில் இருப்பவை பின்னணியில் ஓடும் சேவைகள். அங்கே மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தை முதலில் டிக் செய்யுங்கள். இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினால் புதுத் தலைவலி வந்து சேரும். மிச்சம் தெரிபவை வெளியாட்கள் போட்ட சேவைகள். எல்லாவற்றையும் நிறுத்தி, ஸ்டார்ட்அப் புரோகிராம்களையும் நிறுத்துங்கள். விண்டோஸ் 10 என்றால் ஸ்டார்ட்அப் பட்டியல் டாஸ்க் மேனேஜரில் இருக்கும்.

இப்போது சாதாரணமாக வந்தால், பாதியை மட்டும் திரும்ப இயக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வந்தால் குற்றவாளி மறுபாதியில். வராவிட்டால் இந்தப் பாதியில். 20 சேவை இருந்தாலும் நாலைந்து ரீஸ்டார்ட்டில் ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொழுது போய்விடும். ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் முதல் சந்தேகம் அவற்றின் மேல்.

கேள்வி: அந்த ஆன்டிவைரஸைத்தான் எடுக்கப் பார்க்கிறேன். சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை கிடைக்கவில்லை என்று தகராறு செய்கிறது.

பதில்: அந்தச் சேவை சேஃப் மோடில் ஓடாது. அதனால் பல புரோகிராம்களை அங்கிருந்து நீக்க முடியாது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் தங்கள் மென்பொருளை நீக்கவே தனிக் கருவி தருகின்றன. சேஃப் மோடிலும் ஓடும் கருவி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் சிஸ்டம் ரீஸ்டோர், அதாவது விண்டோஸைப் பழைய ஒரு தேதியின் நிலைக்குத் திருப்பும் வசதி. பிரச்சினை தொடங்குவதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். சேஃப் மோடிலிருந்து செய்த ரீஸ்டோரைப் பின்னால் ரத்து செய்ய முடியாது. தேதியை நிதானமாகப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: நான் எதையும் அழுத்துவதில்லை. ஒவ்வொரு தடவையும் தானாகவே சேஃப் மோடில்தான் வருகிறது.

பதில்: அதே எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கத்தில் சேஃப் பூட் என்ற கட்டம் டிக் ஆகியிருக்கும். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். யாரோ ரிப்பேர் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். விண்டோஸ் 10-இல் எஃப் 8 வேலை செய்யவே இல்லை. சேஃப் மோடுக்கு எப்படிப் போவது?

பதில்: ஐயா, விண்டோஸ் 10-இல் அந்த வழியை ஆரம்பத்திலேயே அணைத்து வைத்திருக்கிறார்கள். லாகின் திரை வரை வந்தால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவரைகூட வரவில்லையா? புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்துங்கள். நான்கு இலக்க பின் எண்ணை அங்கே ஏற்காமல் போகலாம். கணக்கின் பாஸ்வேர்டை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

கேள்வி: எங்கள் வீட்டுச் சிஸ்டம் சேஃப் மோடிலும் அரை மணி நேரத்தில் உறைந்து போகிறது.

பதில்: அப்படியானால் மேலே சொன்னதை விட்டுவிடுங்கள். இது அனேகமாக ஹார்டுவேர்.

முதலில் டிஸ்க். உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டால் காப்பி எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். டிஸ்கில் பிழை தேடும் செக் டிஸ்கை ஓடவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை முனையிலிருந்து முனைவரை படிக்கவைத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். காப்பி முடிந்த பிறகு பார்க்கலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தால் கேபினெட்டைத் திறங்கள். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான். பிராசஸர் ஃபேனுக்கு அடியில் ஹீட் சிங்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்குகளில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். மதர்போர்டில் சிறிய உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதை மாற்றாமல் என்ன சாஃப்ட்வேர் போட்டாலும் வீண். ராம் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பிறகு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பயாஸ் பேட்டரி மாற்றியதிலிருந்து சேஃப் மோடுகூட வரவில்லை. நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்.

பதில்: பேட்டரியை எடுத்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் புரோகிராம்) செட்டிங் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். அதில் சாட்டா மோடு (டிஸ்கோடு பேசும் முறை) பெரும்பாலும் ஐடிஇ, ஏஹெச்சிஐ என இரண்டில் ஒன்றாக இருக்கும். இப்போது இருப்பதை மற்றதாக மாற்றி சேவ் செய்யுங்கள். தேதியையும் சரி செய்யுங்கள். தேதி தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் திறக்காது.

கேள்வி: பில் போட மட்டும்தான் இந்தச் சிஸ்டம். சேஃப் மோடிலேயே ஓட்டிக்கொண்டு போகலாமா அண்ணே?

பதில்: பில் போடலாம், பிரின்ட் வராது. பிரிண்டர் சேவை அங்கே ஓடுவதில்லை. ஆன்டிவைரஸும் பெரும்பாலும் தூங்கும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்த பிறகு இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வங்கி வேலையை வேறு சிஸ்டத்தில் பாருங்கள். தினமும் கடை சாத்தும்முன் பில் டேட்டாவைப் பென் டிரைவில் காப்பி எடுத்து, பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.