இளவேனிலும் பிரிவும்

மதிப்பிற்குரிய ஐயா,

பனி உருகிப் புல் முளைக்கும் குளிர்நாடுகளுக்கே வசந்தம் பொருந்தும். பங்குனியிலேயே வெயில் கொளுத்தும் நம் ஊரில் அது ஆங்கிலக் கவிதை படித்தவர்கள் கொண்டுவந்த இரவல் அழகு என்று என் நண்பர் வாதிடுகிறார். நமக்கென்று ஒரு வசந்தம் உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபு சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றது. வடமொழி மரபிலும் சைத்திரமும் வைசாகமுமே வசந்தம். நம் வசந்தம் வெயிலோடு சேர்ந்தே வருவது. மழைக்கு மாதக்கணக்கில் முன்பே, இலையுதிர்ந்த கிளைகளில் புரசு செக்கச்செவேலெனப் பூக்கிறது. வடக்கே ஹோலிப் பண்டிகைக்குச் சாயம் எடுத்தது அந்தப் பூவிலிருந்துதான்.

தமிழில் இப்பருவத்துக்கு உரிய உணர்ச்சி கொண்டாட்டத்தைவிடப் பிரிவே என்பது என் துணிபு. வேனிலைத் தொல்காப்பியம் பிரிவின் திணையான பாலைக்கு உரியதாக்கியது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய இளவேனிற் பத்தின் ஒவ்வொரு பாட்டும் ‘அவரோ வாரார் தான்வந் தன்றே’ என்றே தொடங்குகிறது. பொருள் தேடிப் போனவன் திரும்புவதாகச் சொன்ன காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. குயில் கூவுவதும், கோங்கின் முகை உடைவதும், பாதிரி அலர்வதும், மாங்கிளை நெருப்பு நிறத்தில் தளிர்ப்பதும் காத்திருக்கும் தலைவிக்கு அவன் சொல் தவறியதன் சாட்சிகளாகின்றன. பத்தாம் பாட்டில் வேம்பின் ஒளிமிக்க பூக்கள் உதிர்கின்றன. இனிய சொற்களால் அவன் உறுதியளித்த பொழுது அதுவே. இத்தனை சிறிய பாடல்களில் இத்தனை துயரத்தைப் பூக்களைக் கொண்டே சொல்லிவிட்ட கவிதை வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையும் இவ்வழியதே. மாதவி தாழை மடலில் எழுதிய கடிதத்தில் இளவேனிலை இளவரசன் என்கிறாள். கோவலன் அந்த ஓலையை வாங்க மறுத்துவிடுகிறான். அதைக் கொண்டுசென்ற தோழியின் பெயர் வசந்தமாலை என்பதை உங்கள் நண்பருக்கு அவசியம் சொல்லுங்கள்.

வழக்கத்திலும் இப்பருவம் வெயிலை மறைப்பதில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் வசந்த விழாவுக்கானது. வெம்மையைத் தணிக்க அதைச் சுற்றி நீர் தேக்கினார்கள். சித்திரை முதல் நாளில் நம் வீடுகள் பலவற்றில் மாங்காயோடும் வெல்லத்தோடும் பச்சடியில் சேர்வது, அந்தப் பத்தாம் பாட்டில் உதிர்ந்த அதே வேப்பம்பூதான்.